கரிச்சியின் இடது காது

நொச்சியேந்தல்,
8.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுபலட்சுமி எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம். கரிச்சியும் சுகம். உன் குதிகாலில் வந்த கொப்புளம் ஆறியதா? அம்மா வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறது. அதைக் கேட்ட அப்பா, "போலீசு டிரெயினிங்ல எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டியா விடுவாக?" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் முகாமில் போன் கொடுக்கும் பத்து நிமிடத்தில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறது. தெருவே வந்து நின்று கேட்கிறது. எனக்கு வாய் வருவதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்த வாயால்தானே. எழுந்து நின்று ஒப்பிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும், மற்றவர்கள் சிரிப்பார்கள், ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுதுவது என்றால் எனக்குப் பயமில்லை. அதனால் உனக்கு இனிமேல் கடிதம்தான்.

இங்கே ஒரு செய்தி. நம் கண்மாயைப் பறவைகளுக்கான பாதுகாப்பு இடமாக அறிவித்துவிட்டார்கள். கரையில் பச்சைப் பலகை நட்டிருக்கிறது. போன வாரம் வனக்காவலர் இம்மானுவேல் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தார். நம் ஊரிலும், எதிர்க்கரையில் புதிதாக வந்திருக்கும் லேக் வியூ நகரிலும் நாய், பூனை வளர்க்கிறவர்கள் எல்லாரும் பெயர் பதிய வேண்டுமாம். அக்டோபரில் முகாம் போட்டு எல்லாவற்றுக்கும் கருத்தடை ஆபரேஷன். அதற்குப் பிறகு நாயைக் கட்டித்தான் வைக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் பூனை வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். ஆபரேஷன் ஆகாத நாய் கண்மாய்க்குள் பிடிபட்டால் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். திருப்பித் தர மாட்டார்கள்.

லேக் வியூ நகரில் நான் வீட்டு வேலைக்குப் போகும் பாகீரதி மேடம்தான் இதற்கான குழுவுக்குத் தலைவி. காளவாசலில் பேங்க் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டில் மிளகு என்று ஒரு சாம்பல் நிறப் பூனை இருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டதற்கு, "எங்க மிளகு தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்தது சார். குருவி எந்தப் பக்கம் பறக்கும்னுகூட அதுக்குத் தெரியாது" என்றார்கள். அவர்கள் வீட்டுக்காரர் சுப்பராமன் சார் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரிச்சியைப் பதியட்டுமா? நீ சொன்னபடி செய்கிறேன். தண்ணீர் மாற்றிக் குடிக்கிறாய், காய்ச்சிக் குடி.

உன் தங்கை,
சுபா


பயிற்சி முகாம்,
29.9.2024

பாப்பாவுக்கு அண்ணன் அழகுபாண்டி எழுதுவது.

உன் கடிதம் கண்டேன். கொப்புளம் ஆறி அதே இடத்தில் இன்னொன்று வந்துவிட்டது. உடம்புக்கு வேறு ஒன்றும் இல்லை. இந்த வடக்கில் சப்பாத்தி தின்று தின்று சோற்று வாசனை மறந்துபோனது.

கரிச்சியைப் பதிந்துவை. பதியாமல் இருந்தால் சந்தேகம் வரும். ஆனால் ஆபரேஷனுக்குக் கொடுக்காதே. முகாம் நடக்கும் நாளில் சீக்கு என்று சொல்லிவிடு, அல்லது கொட்டாம்பட்டியில் சின்னக்கருப்பன் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு. கரிச்சி தெருவில் பொறுக்கி எடுத்த நாயில்லை. கன்னிச் சாதி வேட்டை நாய். ஓட்டத்தில் அவளை முந்த நம் வட்டாரத்தில் நாய் கிடையாது. அவளோடு அந்த வழி முடிந்துபோகக் கூடாது.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். பயிற்சி முடிந்ததும் நாய்ப் பிரிவுக்கு ஆள் எடுப்பார்கள். எங்களுக்குப் பயிற்சி தரும் உஸ்தாதிடம் கரிச்சியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி படுத்தால் உடம்பு முழுக்க வலி. அவளை அவிழ்த்துவிட்டதும் வரப்பில் ஓடுவாளே, அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன்.

நீ பேச வேண்டியதில்லை. அம்மாவை விட்டுப் பேசச் சொல். அப்பாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

அழகுபாண்டி


நொச்சியேந்தல்,
20.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறைந்திருக்கிறது. சோழவந்தான் கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ள மறுபடியும் போகிறார்.

முகாம் நாளைக்கு என்று சொன்னவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள். கொட்டாம்பட்டிக்குக் கொண்டுபோக நேரமில்லை. அம்மா நாற்று நடப் போயிருந்தது. இம்மானுவேல் வீட்டு வாசலில் வந்து நின்றார். "பேர் இருக்கு பாப்பா, நாயைக் கூட்டிட்டு வா" என்றார். சீக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் அறுபது நாய்களுக்கு மேல் இருந்தன. ஒன்றையொன்று பார்த்துக் குரைத்ததில் காது அடைத்தது. டாக்டரின் உதவியாள் ஒவ்வொரு நாயாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார். கரிச்சியின் தலையைத் திருப்பினார். இடது காதைப் பிடித்துப் பார்த்தார்.

"இது ஏற்கெனவே ஆனதும்மா. காதுல வெட்டு இருக்கு பாரு. எங்க ஆளுக ஆபரேஷன் பண்ணா இப்டித்தான் ஒரு கொத்து எடுத்து விடுவாக. எங்க பண்ணீக?"

நான் பேசாமல் நின்றேன். அவரே "மதுரையிலயா?" என்றார். அதற்கும் பேசாமல் நின்றேன். அவர் தலையாட்டிக்கொண்டு 'ஆனது' என்று எழுதி, கழுத்தில் பச்சை வில்லை மாட்டி அனுப்பிவிட்டார்.

அந்த வெட்டு நீ போட்டது. நம் பங்காளி வீட்டு வேட்டை நாய்களுக்கு எல்லாம் குட்டியிலேயே இடது காதில் கொத்து எடுப்போமே, கூட்டத்தில் ஓடும்போது யார் வீட்டு நாய் என்று தெரிய. நீ பிளேடால் வெட்டியபோது நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

நான் பொய் சொல்லவில்லை அண்ணே. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த வில்லையைக் கழற்றினேன், மறுபடியும் மாட்டினேன். திரும்பப் போய்ச் சொல்லிவிடவா? நாளைக்கும் முகாம் இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது முடிந்துவிடும் என்று தெரிந்தும் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுபா


பயிற்சி முகாம்,
10.11.2024

பாப்பா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். வாய் பேசாமலே காரியத்தை முடித்துவிட்டாய். வக்கீலுக்குப் படித்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

திரும்பப் போய் எதுவும் சொல்லாதே. பச்சை வில்லை கழுத்தில் இருக்கும்வரை எவனும் கேட்க மாட்டான். அவளைக் கட்டியே வை. கட்டிக் கிடக்கிற நாய் எந்தப் பறவைக்கும் கெடுதல் செய்யப்போவதில்லை. நாம் யாரையும் ஏமாற்றவில்லை, அவர்களாகவே ஏமாந்தார்கள்.

இன்னொன்று. கார்த்திகை கடைசியில் என் கூட்டாளி நல்லகாமன் வருவான். ரெண்டு நாள் கரிச்சியைக் கேட்பான். கொடுத்துவிடு. ஓட்டம் பழக்கக் கூட்டிப்போகிறான். கட்டியே கிடந்தால் கால் மரத்துவிடும்.

மழை பெய்கிறதா? கண்மாய் எம்புட்டுத் தண்ணீர்? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் தண்ணீர் ஊசியாகக் குத்துகிறது. மற்றபடி நலம்.

அழகுபாண்டி


நொச்சியேந்தல்,
15.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் நலம் கேட்டு எழுதுகிறேன். குளிருக்கு அம்மா கம்பளி வாங்கி வைத்திருக்கிறது, பார்சலில் வரும்.

கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. தண்ணீருக்கு நடுவில் இருக்கும் கருவேலமேட்டைச் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். பாகீரதி மேடம் ஞாயிறுதோறும் காலையில் கூடு எண்ணப் போகிறார்கள். என் கண் கூர்மையாக இருக்கிறது என்று என்னையும் கூட்டிப்போகிறார்கள். அவர்கள் பைனாகுலரில் தேடும் முன்பே நான் விரலைக் காட்டிவிடுவேன். பேச வேண்டியதில்லை. போன வாரம் மரங்களில் நூற்றெண்பது கூடு. மேட்டின் ஓரத்தில் சம்புக் கோரைக்குள் தரையோடு கட்டிய தாழைக்கோழி, வாத்துக் கூடுகள் முப்பத்தொன்று. நோட்டில் நான்தான் எழுதுகிறேன். "உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்குடி, எதுக்குடி படிப்பை விட்டே?" என்று கேட்டார்கள். நான் சிரித்தேன்.

நல்லகாமன் அண்ணன் வந்து கரிச்சியைக் கூட்டிப்போனார். ரெண்டு நாள் என்றவர் நாலு நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டார். காலில் தூசி படாமல் வந்தாள். ஓடவிட்டதாகத் தெரியவில்லை. அம்மா அவரிடம் என்னமோ குசுகுசுவென்று கேட்டது. நான் பக்கத்தில் போனதும் நிறுத்திக்கொண்டார்கள்.

நல்லகாமன் அண்ணன் அவளை எதற்குக் கூட்டிப்போனார்?

சுபா


பயிற்சி முகாம்,
5.1.2025

பாப்பா,

கம்பளி வந்தது. நலம். எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து.

கரிச்சிக்குத் தினம் ஒரு முட்டை வை. சோற்றில் கருவாட்டுத் தண்ணீர் விடாதே. வயிற்றில் கயிறு உரசாமல் பார்த்துக்கொள். படுக்கச் சாக்கு போடு. திண்ணையில் ஏறிக் குதிக்கவிடாதே.

வேறென்ன. அடுத்த வாரம் துப்பாக்கி சுடும் தேர்வு. சாமியிடம் வேண்டிக்கொள்.

அழகுபாண்டி


நொச்சியேந்தல்,
12.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பாவும் அம்மாவும் சுகம். உன் தேர்வு நல்லபடியாக முடிந்தது என்று போனில் கேட்டுக்கொண்டேன்.

வெயில் ஏறிவிட்டது. கண்மாயில் தண்ணீர் வற்றி, கருவேலமேட்டுக்கு முழங்கால் நனையாமல் நடந்துபோகலாம். ஒரு வாரமாகத் தரைக் கூடுகள் கலைந்து கிடக்கின்றன. மரத்திலிருந்து விழும் நாரைக் குஞ்சுகளும் காலையில் இறகாகத்தான் கிடக்கின்றன. முப்பத்தொன்று இருந்த இடத்தில் பதினாறு என்று எழுதினேன். பாகீரதி மேடம் அந்த எண்ணை ரெண்டு தடவை படித்தார்கள்.

இம்மானுவேல் கரையில் ஒரு கேமரா கட்டினார். அதில் மிளகின் படம் விழுந்துவிட்டது. வாயில் ஒரு வாத்துக் குஞ்சு. சுப்பராமன் சார் தினமும் விடியற்காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறக்கும்போது அது வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவருக்குத் தெரியும். மேடத்துக்குப் பயந்து சொல்லவில்லை.

கூட்டத்தில் அந்தப் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். ஒருவர், "தயிர்சாதம் இன்னிக்குத் தீந்துபோச்சு போல மேடம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேடம் எழுந்து, "நான் போட்ட விதி, எனக்கும் அதேதான்" என்று மட்டும் சொன்னார்கள். அடுத்த நாளே மிளகை ஸ்ரீரங்கத்தில் அவர்கள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடையை நான்தான் காருக்குத் தூக்கிப்போனேன். உள்ளேயிருந்து அது என் விரலை நக்கிக்கொண்டு வந்தது. கார் போன பிறகு மேடம் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள்.

கரிச்சி நன்றாக இருக்கிறாள்.

சுபா


பயிற்சி முகாம்,
24.2.2025

சுபா,

நலம். உன் கடிதத்தில் கண்டவன் வீட்டுப் பூனைக்கு ஒரு பக்கம். என் நாய்க்கு ஒரு வரி. 'நன்றாக இருக்கிறாள்.' கடிதம் முழுக்கப் படித்துவிட்டு அந்த வரிக்கே திரும்பத் திரும்ப வந்தேன்.

போன ஞாயிறு அம்மா, "எங்கிட்டோ போயிப் போட்ருக்காடா, சோத்துக்கு மட்டும் வாரா" என்று சொல்ல ஆரம்பித்தது. அதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிட்டது. எங்கே போட்டிருக்கிறாள்? எத்தனை குட்டி? நீ ஏன் எழுதவில்லை?

எங்கே இருந்தாலும் யாரிடமும் மூச்சுவிடாதே. நல்லகாமனிடம் சொல்லியிருக்கிறேன். குட்டிகள் கண் திறந்து பால் மறக்க வேண்டும். மார்ச் இருபதாம் தேதிக்கு மேல் ஆட்டோ கொண்டுவந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான். அதுவரைக்கும்தான். உனக்குச் சொல்ல வராத வாய், இன்னும் ஒரு மாதம் வராமல் இருந்தால் போதும்.

பறவை வருஷா வருஷம் வரும். அப்படி ஒரு நாய் வராது.

அழகுபாண்டி


நொச்சியேந்தல்,
3.3.2025

மதிப்பிற்குரிய பாகீரதி மேடத்துக்கு,

உங்கள் வீட்டில் வேலை செய்யும் சுபலட்சுமி வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நேரில் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் இதைச் செய்தித்தாளுக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். இன்று பாத்திரம் தேய்க்க வரவில்லை.

மிளகு போய் மூன்று வாரம் ஆகியும் கூடுகள் குறைவதால், அதைப் பார்த்துப் பழகிய ஊர்ப் பூனைகள்தான் காரணம் என்று நேற்றுக் கூட்டத்தில் முடிவு செய்தீர்கள். புதன்கிழமை கூண்டு வண்டி வந்து பதினான்கு பூனைகளையும் பிடித்துப் போகும் என்று சொன்னீர்கள். அந்தப் பதினான்கு பெயர்களையும் என்னை எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். பால்காரர் வீட்டுக் கண் தெரியாத பூனையையும் எழுதினேன்.

பூனைகள் இல்லை மேடம். எங்கள் நாய் கரிச்சி.

அவளுக்கு ஆபரேஷன் ஆகவில்லை. காதில் இருக்கும் வெட்டு டாக்டர் வெட்டியது இல்லை. என் அண்ணன் அவள் குட்டியாக இருந்தபோது அடையாளத்துக்கு வெட்டியது. முகாமில் அவர்கள் தப்பாக எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன். பேசவில்லை.

பிப்ரவரி ஐந்தாம் தேதி கயிற்றைக் கடித்துக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கருவேலமேட்டில் கிழக்குப் பக்கம், இரண்டாவது மரத்தின் வேருக்கடியில் ஐந்து குட்டிகள் இருக்கின்றன. சுற்றிலும் இறகு. நான் ராத்திரிச் சோற்றை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். அவளுக்கு அது போதவில்லை. மிளகு ஒரு குஞ்சைப் பிடித்தது உண்மை. மற்றதெல்லாம் கரிச்சி.

மிளகைக் கூடையில் வைத்து நான் தூக்கிவந்தபோதே எனக்கு இது தெரியும்.

எங்கள் அப்பா, அம்மா மேல் கோபப்படாதீர்கள். முகாமில் வாய் மூடி நின்றவள் நான். நோட்டில் இருக்கும் எண்கள் மட்டும் சரி. அதில் ஒன்றையும் நான் மாற்றவில்லை.

பணிவுடன்,
த. சுபலட்சுமி


நொச்சியேந்தல்,
10.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி.

நான் பாகீரதி மேடத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் மேடம் நம் வீட்டுக்கு வந்தார்கள். முதல் தடவையாக வந்தார்கள். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டது. அவர்கள் உட்காரவில்லை. என்னைப் பார்த்து, "என் மிளகு போறப்ப கூடையைத் தூக்கினது யாருடி?" என்று கேட்டார்கள். "நான்" என்றேன். "அப்பவும் தெரியுமா?" என்றார்கள். தலையை ஆட்டினேன். "வாயைத் திறந்து சொல்லு."

"தெரியும் மேடம்."

அம்மா குறுக்கே வந்து, "சின்னப்புள்ள தாயி, அதுக்கு வெவரம் பத்தாது" என்றது. "வெவரம் பத்தாததாம்மா இவ எழுத்து?" என்று சொல்லிவிட்டு மேடம் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா என்னை அடிக்கவில்லை. "உங்கண்ணன் வந்து கேட்டா நீயே பதில் சொல்லு" என்றது. அப்பா சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் காலையில் இம்மானுவேல், டாக்டர், மேடம், இன்னும் ஏழெட்டுப் பேர் கரையில் நின்றார்கள். குட்டியிருக்கும் நாய் கிட்டே போனால் கடிக்கும் என்று வலை கொண்டுவந்திருந்தார்கள். வலையைப் பார்த்ததும் கரிச்சி குட்டிகளை விட்டுவிட்டு மரங்களுக்குள் ஓடினாள். அவள் ஓட ஓட மேட்டிலிருந்த பறவைகள் எல்லாம் எழுந்தன. ஒரே கூச்சல். கூட்டிலிருந்து ரெண்டு குஞ்சுகள் விழுந்தன. டாக்டர், "இப்டி விரட்டுனா மிச்சமும் போயிரும். யாருக்குய்யா இது கட்டுப்படும்?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வர மாட்டாள் என்று உனக்குத் தெரியும். நீ வரப்பில் நின்று வாயைக் குவித்துக் கூவுவாயே, அதற்குத்தான் வருவாள். நான் இதுவரைக்கும் கூவியதில்லை. எல்லார் முன்னாலும் நின்று முதல் தடவை காற்றுத்தான் வந்தது. ஒருவர் சிரித்த மாதிரி இருந்தது. ரெண்டாம் தடவை கூவினேன், உன்னை மாதிரியே. என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. கண்மாய் முழுக்கக் கேட்டது.

அவள் வந்தாள். நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்து வந்திருக்கிறாள். என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். ஒருவரும் இல்லை. பிறகு என் கால் பக்கத்தில் உட்கார்ந்தாள். கயிற்றை நான்தான் மாட்டினேன்.

விதிப்படி அவள் காப்பகத்துக்குப் போக வேண்டும். இம்மானுவேல் அதைத்தான் சொன்னார். மேடம் யோசித்துவிட்டு, "மிளகை ஸ்ரீரங்கம் அனுப்பினோம்ல. எல்லைக்கு வெளியே பொறுப்பான ஆள் இருந்தா இதையும் அனுப்பலாம். ஆபரேஷன் பண்ணித்தான்" என்றார்கள். என்னிடம் பேசவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னார்கள். குட்டிகள் பால் மறக்கும்வரை டாக்டர் தன் இடத்தில் வைத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு ஆபரேஷன். பிறகு கொட்டாம்பட்டி, சின்னக்கருப்பன் மாமா வீடு. குட்டிகளுக்கும் ஆள் தேடுகிறார்கள். அவற்றுக்கும் வயது வந்ததும் ஆபரேஷன் உண்டு.

நல்லகாமன் அண்ணனிடம் ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்னைத் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

பதினான்கு பூனைகளும் ஊரில் இருக்கின்றன.

நீ திட்டியாவது எழுது அண்ணே.

சுபா


நொச்சியேந்தல்,
13.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறாய்? பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறேன். ஐந்து ஞாயிறாக நீ போனில் கரிச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைப் பற்றியும் கேட்கவில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் போனை என் பக்கம் நீட்டுகிறது. "டைம் முடிஞ்சுருச்சும்மா" என்று நீ சொல்வது கேட்கிறது. போனில் நேரம் ஓடுவது எனக்கும் தெரியும். ரெண்டு நிமிடம் மிச்சம் இருந்தது.

சுபா


பயிற்சி முகாம்,
4.5.2025

சுபா,

நலம். அப்பாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? அம்மாவை வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

பயிற்சி முடிகிறது. இருபத்தைந்தாம் தேதி லீவில் வாரேன். பதினைந்து நாள்.

நாய்ப் பிரிவுக்கு மனுப் படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி. வீட்டில் நாய் வளர்த்ததுண்டா, இப்போது அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது. உஸ்தாத், "உன் கறுப்பு நாயைப் பற்றி எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றதெல்லாம் நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன். பதினெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

அழகுபாண்டி


நொச்சியேந்தல்,
9.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன், ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். அப்பா, அம்மா சுகம். நீ வரும் செய்தி கேட்டு அம்மா இப்போதே நெல்லை வெயிலில் போட்டுவிட்டது, வேண்டாமென்றால் கேட்கவில்லை.

பாகீரதி மேடம் வீட்டு வேலைக்கு ஒரு மாதம் போகவில்லை. பிறகு சுப்பராமன் சார் வந்து, "ஞாயித்துக்கிழமை எண்ண ஆள் இல்லாம அவ தப்புத்தப்பா எண்ணுறாம்மா, வந்துடு" என்று கூப்பிட்டார். போனேன். மிளகு திரும்பி வந்துவிட்டது. பால்கனிக்கு வலை அடித்திருக்கிறார்கள். வலைக்குள் உட்கார்ந்து பறவைகளைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறது. மேடம் இன்னும் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. நோட்டை மட்டும் முன்போல் என்னிடம் கொடுக்கிறார்கள். தரைக் கூடுகள் ஒன்பதில் நின்றன. அதற்கு மேல் குறையவில்லை.

போன வாரம் நான் தனியாக பஸ் ஏறிக் கொட்டாம்பட்டிக்குப் போனேன். கண்டக்டரிடம் சத்தமாகவே டிக்கெட் கேட்டேன். கரிச்சி மாமா வீட்டுத் தென்னந்தோப்பில் இருக்கிறாள். நீளக் கம்பியில் சங்கிலி கோத்து, தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும்படி மாமா செய்திருக்கிறார். இன்னும் அதே ஓட்டம்தான். உடம்பு தேறிவிட்டது.

ஆபரேஷன் அன்று டாக்டர் அவள் இடது காதைப் பிடித்துக்கொண்டு, "இதை யாரு வெட்டுனது?" என்று கேட்டார். "எங்கண்ணன்" என்று சொன்னேன். அந்தக் காதில் இனி இடமில்லை என்று வலது காதில் வெட்டச் சொன்னேன். தலையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதே. இப்படி எழுது. நாயின் பெயர் கரிச்சி. கன்னிச் சாதி, பெண். கொட்டாம்பட்டியில் உயிரோடு, நலமாக இருக்கிறது. அடையாளம் கேட்டால் ரெண்டு காதிலும் வெட்டு. இடது காது நான் வெட்டியது, வலது காது என் தங்கை வெட்டச் சொன்னது என்று எழுது.

நீ வரும் நாளில் கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.

உன் தங்கை,
சுபா